புகை ஏறாத சிவப்பு

இந்தப் பூமியில் எத்தனை விதமான புகை உண்டோ, அவற்றில் ஒன்றுக்குக்கூட எவாரிஸ்தோ ஃபிகெரோவாவின் ஒயினுக்குள் நுழையும் தைரியம் கிடையாது. இது கருத்தல்ல, உண்மை. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது எப்படியோ அப்படி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடம் எவாரிஸ்தோ இதை அறிவித்தபோது, எதிர்க் குன்றில் பைன் கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. காற்று அந்தப் புகையை ஆற்றோரமாக இழுத்து வந்து, அறிவித்துக்கொண்டிருந்த வாய்க்குள்ளேயே விட்டது. அவர் இருமினார். நிதானமாக இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"தீயே என் தோட்டத்து வரப்புல நின்னு திரும்பிப் போச்சு. தீயோட வாலு இந்தப் புகை. இது என்ன பண்ணிடும்?"

முதல் பாதி பொய்யில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் இதாட்டா ஆற்றின் இரு கரையிலும் தீ வந்தது. மரக் கம்பெனிக்காரர்கள் குன்று குன்றாக நட்டு வைத்திருந்த பைன் காடுகள் வெடி போல வெடித்து எரிந்தன. ஊர் முழுக்க ஈரச் சாக்கும் மண்வெட்டியுமாக ஓடியது. ஆனால் தீயைக் கடைசியில் நிறுத்தியவை திராட்சைக் கொடிகள்தான். பந்தல் கிடையாது, கம்பி கிடையாது, ஒருநாள்கூடப் பாசன நீர் கண்டதில்லை. முழங்கால் உயரத்தில், யானைக்கால் மாதிரித் தடித்த அடியோடு குத்துக்குத்தாக நிற்கிற, பாயிஸ் என்கிற பழைய ரகக் கொடிகள். சிலி என்று ஒரு நாடு உண்டாவதற்கு முன்பே அவை அந்த மண்ணில் காய்த்துக்கொண்டிருந்தன. தீ வந்து முதல் வரிசையின் இலைகளைக் கருக்கியது, இரண்டாம் வரிசையை முகர்ந்து பார்த்தது, செத்துப்போனது. அன்று சாயங்காலம் முகமெல்லாம் கரியாக வரப்பில் உட்கார்ந்து ஊரே அழுததும் சிரித்ததும் அந்தக் கொடிகளை நினைத்துத்தான். அந்தப் பெருமை எல்லோருக்கும் பொது. எவாரிஸ்தோ மட்டும் அதில் தன் பங்கைச் சற்றுத் தாராளமாக எடுத்துக்கொண்டார்.

"அத்தான், தீயை நீங்க நிறுத்தினீங்க, சரி," என்றாள் நோல்ஃபா. "புகைக்கு யாரு சொல்லி அனுப்பறது?"

நோல்ஃபா அவருடைய மனைவி எர்சிலியாவின் தங்கை. மாமனார் தோட்டத்தை இரண்டாக வகிர்ந்து இரண்டு மகள்களுக்குக் கொடுத்ததில், வேலிக்கு இந்தப் பக்கம் எவாரிஸ்தோ, அந்தப் பக்கம் அவள். ஒரே கொடி, ஒரே மண். சில வருஷங்களுக்கு முன் வந்த பெருந்தீயின்போது அவளும் வழக்கம்போலச் சிவப்பு ஒயின் போட்டாள். குளிர்காலம் வருவதற்குள் அது அடுப்பை நக்கினது போல ஆகிவிட்டது. தொட்டியோடு கொண்டுபோய்ச் சாலையில் கொட்டினாள். தெரு நாய்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. அந்த வருஷம் புகை எவாரிஸ்தோ பக்கம் வரவில்லை. காற்று அன்றைக்கு அவருடைய கட்சி. "தொட்டியைக் கழுவியிருக்க மாட்டா" என்பதே அப்போது அவர் தந்த தீர்ப்பு.

"ரெண்டு வாரம் ஊர் மேலயே உக்காந்திருந்துச்சு அத்தான். அதுவும் காய் நிறம் மாறற சமயம் பாத்து. நான் இந்த வருஷம் சிவப்பு போடலை. சீக்கிரமே பறிச்சு, குலையோட பிழிஞ்சு, தோலைத் தூக்கி எறிஞ்சுடப் போறேன். புகை தோல்லதான் ஒளிஞ்சிருக்கு."

எவாரிஸ்தோ கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஆவலாக அவரைப் பார்த்தது.

"தோல் இல்லாத ஒயினா? கொழுந்தியாளே, அதுக்குப் பேரு ஒயின் இல்ல. திராட்சை குளிச்ச தண்ணி."

ஊர் சிரித்தது. நோல்ஃபாவும் சிரித்தாள்.

"குளிக்கிற பழக்கம் இருக்கறவங்களுக்குத்தான் அத்தான் அந்தத் தண்ணியோட அருமை தெரியும்."

அதற்கு ஊர் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. எவாரிஸ்தோ தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வேறு வருஷமாக இருந்தால் இந்தச் சண்டை அறுவடைப் பொழுதுபோக்கோடு போயிருக்கும். இந்த வருஷம் அவருடைய ஒரே மகள் யஸ்னாவுக்குக் கல்யாணம். செப்டம்பரில் தேசிய நாள் கொடியேற்றத்துக்கு முந்தின சனிக்கிழமை. அந்தக் குன்றுகளில் ஒரு வழக்கம் உண்டு: பெண்ணின் அப்பா அந்த வருஷத்துத் தொட்டியிலிருந்து, தன் கையால், முதல் கிளாஸை ஊற்றி மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அந்த அம்மாள் ஊரின் முன் நின்று ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டுவாள். கவிழ்த்த பிறகுதான் கிட்டார். பாதியில் கிளாஸை மேசையில் வைத்துவிட்டால் கிட்டார் உறைக்குள்ளேயே இருக்கும். அப்படி ஒருமுறை வைக்கப்பட்ட வீட்டுக்காரரை, அவர் செத்து இத்தனை வருஷம் கழித்தும், ஊர் "அரைக்கிளாஸ்" என்றுதான் சொல்கிறது. சர்ச்சைக்குரிய அந்த ஒயின் நன்றாகத்தான் இருந்தது, அந்த அம்மாளுக்குத்தான் விக்கல் என்று ஒரு தரப்பு உண்டு. அதை யாரும் கேட்பதில்லை.

எவாரிஸ்தோ ஒன்றும் ஆதாரமில்லாமல் பேசுகிறவரல்ல. தோட்டத்துக்குள் போய் ஒரு குலையைப் பறித்து, கழுவாமலே வாயில் போட்டு மென்றார். தேன். புகையின் வாடையே இல்லை. வேலி வழியாக நோல்ஃபாவிடம் ஒரு குலையை நீட்டினார்.

"தின்னு பாரு. எங்க இருக்கு உன் புகை?"

"பழத்துல தெரியாது அத்தான். அது சர்க்கரையோட கையைக் கோத்துக்கிட்டு கமுக்கமா இருக்கும். தொட்டியில புளிச்சுக் கொதிக்கறப்பதான் கையை விடும். பாதி அப்பவும் விடாது, குடிக்கறவன் எச்சில் பட்டப்புறம்தான் வெளிய வரும். போன தடவை அதுல பட்டுத்தானே பல்கலைக்கழகக் கூட்டத்துக்கெல்லாம் போய்க் கேட்டேன்."

"உன் பல்கலைக்கழகம் எத்தனை தொட்டி ஒயின் போட்டிருக்கு?"

"ஒரு வாளி போட்டுப் பாருங்களேன். ஒரே ஒரு வாளி. கையால நசுக்கி, தோலோட கொதிக்க விட்டு, ருசி பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

இது நியாயமான யோசனை என்பதால் எவாரிஸ்தோ அதை நோல்ஃபாவின் யோசனையாக ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஒரு வாளி போட்டுப் பாக்கலாம்னு எனக்குத் தோணுது" என்று மனைவியிடம் சொன்னார். எர்சிலியா, "தோணட்டும்" என்றாள்.

வாளிச் சாறு புளித்துக் கொதிப்பதற்குக் கதகதப்பு வேண்டும். அந்த வீட்டில் கதகதப்பான இடம் சமையலறை. அங்கே விறகு அடுப்பு காலை முதல் இரவு வரை அணைவதில்லை. அடுப்புக்கு மேலே உத்தரத்தில் பன்றிக்கறிச் சரங்கள் வரிசையாகத் தொங்கிப் புகையில் காய்ந்துகொண்டிருந்தன. சுவரில் புகையூட்டிய மிளகாய். சாம்பலுக்குள் புதைத்துச் சுடுகிற ரொட்டியின் மணம். எவாரிஸ்தோ வாளியை அடுப்புக்குப் பக்கத்தில், கறிச் சரங்களுக்கு நேர் கீழே வைத்தார். வாளி ஒரு வாரத்தில் கொதித்து அடங்கியது. அதன்பின் விஞ்ஞான முறைப்படி மூன்று பேர் கொண்ட குழு ஒன்று, அதே சமையலறையில், அதே அடுப்பருகே கூடியது. எவாரிஸ்தோ தலைவர். இரண்டாமவர், அந்தக் கறிச் சரங்களைச் செய்து தந்த ஔதிலியோ. அவர் சட்டையை எங்கே கழற்றி மாட்டினாலும் பசிக்கும். மூன்றாமவர், நாற்பது வருஷமாகத் தூபக்கால் ஆட்டுகிற கோயில் உதவியாளர்.

மூவரும் மோந்தார்கள். மூவரும் குடித்தார்கள். நடுவே நாக்கைச் சுத்தம் செய்துகொள்ள ஆளுக்கொரு துண்டு கறி தின்றார்கள்.

"புகை ஏதாவது?" என்றார் எவாரிஸ்தோ.

"சுத்தம்," என்றார் கோயில் உதவியாளர்.

ஔதிலியோ இன்னொரு மடக்கு குடித்து, கண்ணை மூடி யோசித்தார். "என்னைக் கேட்டா, புகை கொஞ்சம் கம்மிதான்."

தீர்ப்பு ஏகமனதானது. மறுநாள் அது ஊர் முழுக்கப் போனது. நோல்ஃபா அதைக் கேட்டபோது தன் தோட்டத்தில் குலைகளைப் பறித்துக்கொண்டிருந்தாள். "எங்க வெச்சுக் குடிச்சாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள். சமையலறை என்றதும் அடுத்த குலையைப் பறிக்கப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை யஸ்னா கொன்செப்சியோன் நகரத்திலிருந்து அறுவடைக்கு வந்தாள். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வந்ததும் வாளியிலிருந்து ஒரு கிளாஸ் கொடுத்தார் எவாரிஸ்தோ. குடித்தாள். "நல்லாருக்குப்பா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா ஊர்சுலா, கல்யாண ஏற்பாடு பேசத் துறைமுகத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். தால்காவானோக்காரர். வீட்டில் காஸ் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் கடல். சத்தமாகச் சிரிக்கிற, எல்லாவற்றையும் பாராட்டுகிற பெருந்தன்மையான அம்மாள்.

செப்டம்பர் வரை காத்திருக்க எவாரிஸ்தோவால் முடியவில்லை. வாதுமை மரத்தடி மேசையில், வாளி ஒயினைக் குடுவையில் கொண்டுவந்து சம்பந்திக்கு ஊற்றினார்.

"வாளியில போட்டதுதான் சம்பந்தி, இன்னும் குழந்தை. ஆனா வம்சம் தெரியும்."

ஊர்சுலா ஒரு மடக்கு குடித்தார். முகம் மலர்ந்தது.

"ஆஹா! செர்ரிப் பழம் மாதிரில்ல இருக்கு! எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்தக் குடுவையைக் கீழ வெச்சிருக்க மாட்டார்."

எவாரிஸ்தோ வேலிப் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாக, "செர்ரிப் பழமா?" என்று கேட்டார்.

"செர்ரிதான்!" இரண்டாவது மடக்கு. "இன்னும்..." ஊர்சுலா நிறுத்தினார். நாக்கை வாய்க்குள் ஒரு சுற்று சுற்றினார். மூன்றாவது மடக்கு சிறியதாக இருந்தது. பிறகு ரொட்டியை எடுத்து ஒரு பெரிய துண்டாகப் பிட்டு மென்றார். பிறகு தண்ணீர். பிறகு இன்னொரு துண்டு ரொட்டி.

"சம்பந்தி, அடுப்பு புகையுதோ?"

"அடுப்பு உள்ள இருக்கு. காத்து அந்தப் பக்கமால்ல அடிக்குது."

"ஓ." அந்த அம்மாளின் கண்களில் ஒரு போராட்டம் நடந்தது. மரியாதை ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். "தப்பா நினைச்சுக்காதீங்க. ரொம்ப நல்ல ஒயின். முதல் மடக்கு சத்தியமா செர்ரி. குடிச்சு முடிச்சப்புறம்தான்... சாம்பல் புதனுக்கு நெத்தியில பூசுவாங்கல்ல? அதை யாரோ வாயில பூசின மாதிரி இருக்கு."

எர்சிலியா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எவாரிஸ்தோ வெடித்துச் சிரித்தார். துறைமுகத்துக்காரங்களுக்கு நாக்கெல்லாம் உப்பு, மலை ஒயின் பழக நாளாகும் என்றார். ஊர்சுலாவும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார். பேச்சு கோழி, நாற்காலி, பாதிரியார் என்று நகர்ந்தது. அந்தக் கிளாஸ் மட்டும் நகரவில்லை. பாதியில் நின்றது.

சம்பந்தியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபின், குடுவையைக் கழுவிக்கொண்டே எவாரிஸ்தோ மகளைக் கேட்டார்.

"நீயும் குடிச்சியேம்மா. உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"நல்லாத்தானேப்பா இருந்துச்சு."

"யஸ்னா."

அவள் கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"கொஞ்சம். கடைசியில. வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க." பிறகு, ஆறுதலாகச் சொல்கிற நினைப்பில், அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். "கவலைப்படாதீங்கப்பா. கல்யாணத்தன்னைக்கு நான் முழு கிளாஸும் குடிச்சிட்டுச் சிரிப்பேன். பஸ்ஸுக்கு நிக்கறப்ப அத்தைகிட்டயும் பேசிட்டேன். அவங்களும் குடிச்சுக் கவுத்துக் காட்டறேன்னாங்க. கிட்டார் நிக்காது."

எல்லாம் பேசி முடிவாகிவிட்டது. குடியரசுக்கு மூத்த கொடியின் சாற்றை, தீயை முகத்துக்கு முகம் பார்த்து நிறுத்திய கொடியின் சாற்றை, இரண்டு பெண்கள் பஸ் நிறுத்தத்தில் கூடிப் பேசி, அவருக்காகச் சகித்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். "அரைக்கிளாஸ்" என்ற பெயர்கூட இதைவிடக் கௌரவமானது என்று பட்டது எவாரிஸ்தோவுக்கு. அந்த ஆளை யாரும் பாவம் பார்க்கவில்லை.

வாளியில் மிச்சமிருந்த ஒயினை ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். முகம் கழுவினார். மூக்கைச் சிந்தினார். கடலிலிருந்து ஆற்று வழியே ஏறி வருகிற காற்றில் நின்று, ஒரு மடக்கு குடித்துக் காத்திருந்தார். செர்ரி. இன்னும் காத்திருந்தார். சாம்பல் வரவில்லை. மறுபடி குடித்தார், வரவில்லை. கோப்பை காலியாகும் வரை வரவில்லை. ஒயின் அருமையாக இருந்தது. எவாரிஸ்தோவுக்கு விஷயம் புரிந்தது அப்போதுதான். பிறந்ததிலிருந்து புகையிலேயே வளர்ந்த மூக்குக்குப் புகை என்பது வீட்டு ஆள் மாதிரி. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இந்த விஷயத்தில் தன் நாக்கை நம்ப முடியாது. கொழுந்தியாளை நம்ப வேண்டும். அவர் வாழ்நாளில் இதற்கு ஈடான ஒரு அவமானம் கடவுள்கூட யோசித்திருக்க மாட்டார்.

அடுத்த சில நாள் எவாரிஸ்தோவுக்கு வேலியில் வேலை வந்தது. நோல்ஃபாவின் பிழிபொறிக் கொட்டகைக்கு நேர் எதிரில் இருக்கிற ஒரு கம்பம். அது நேராகத்தான் இருந்தது. அவர் அதைப் பிடுங்கி, மறுபடி நட்டு, தட்டி, தள்ளி நின்று பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி பிடுங்கினார்.

"அந்தக் கம்பத்துக்கு என்ன நோவு அத்தான்?" என்று கேட்டாள் நோல்ஃபா.

"சாஞ்சிருக்கு."

"எனக்கு நேராத் தெரியுது."

"உனக்குத் தெரியாது. அதுக்குக் கண்ணு வேணும்."

அவள் திரும்பித் தன் வேலையைப் பார்த்தாள். அன்றைக்கு என்னவோ அவள் வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தாள். கொட்டகைக் கதவைக் கொட்டாவி விடுகிற வாய் மாதிரி விரியத் திறந்து வைத்தாள். கூடவே இருந்த பெண்ணிடம், பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிற குரலாக அல்லாமல், மேட்டில் மாடு மேய்க்கிறவனுக்கும் கேட்கிற குரலில் பேசினாள். "குளிர்ச்சியோட பறிச்ச பழமா இருக்கணும்டீ! தோல் கிழியக் கூடாது! முதல்ல தானா ஒழுகற சாறுதான் சாறு, இறுக்கிப் பிழிஞ்சா புகையும் சேந்து வந்துரும்!" அந்தப் பெண் மூன்று வருஷமாக அவளிடம் வேலை செய்கிறவள். ஏன் திட்டு வாங்குகிறோம் என்று புரியாமல் தலையாட்டினாள்.

எவாரிஸ்தோவின் அறுவடை வழக்கம்போல ஊர்கூடித்தான் நடந்தது. ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிச் செய்கிற வேலை அது. ஆனால் வழக்கத்துக்கு மாறாக எல்லோரையும் விடிகிறபோதே வரச் சொன்னார்.

"ஏன்யா இந்தக் குளிர்ல?" என்றார் ஔதிலியோ கையைத் தேய்த்துக்கொண்டு.

"வெயில் எனக்கு ஆகறதில்ல."

"என்னைக்கிலேர்ந்து?"

"பறி, பறி. பெட்டியில வீசாத! முட்டைன்னு நினைச்சுக்கிட்டு வை."

மேட்டு வரிசையில் கருகிய இலைகளுக்கு அடியிலும் குலைகள் கனத்துத் தொங்கின. ஒவ்வொன்றையும் வெட்டும்போது எவாரிஸ்தோ கையில் ஏந்திக் கனம் பார்த்தார். இந்த வருஷம் காய்க்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கொடிகளை யாரும் கேட்டிருக்க முடியாது. அவை காய்த்திருந்தன. மற்ற பேச்சுக்களில் எப்படியோ, இதில் அவருடைய பெருமை ஒரு சொட்டுக்கூட மிகையில்லை. இந்தக் குலையைச் சாம்பல் சுவையோடு உலகத்துக்குக் காட்டுவது கொடிக்குச் செய்கிற துரோகம் என்று அவருக்குத் தோன்றியது. தனக்கு என்னவும் ஆகட்டும். ஆகாமல் இருந்தால் நல்லது.

பெட்டிகள் கொட்டகைக்கு வந்து அடுக்கப்பட்டன. தொட்டியின் வாயில் மூங்கில் தட்டி தயாராக விரித்திருந்தது. வழக்கப்படி அதில் குலைகளைத் தேய்த்து, காம்பு மேலே நிற்க, பழம் தோலோடு தொட்டிக்குள் விழ வேண்டும்.

"சாப்பிட்டுட்டு எல்லாரும் போய்ப் படுங்க," என்றார் எவாரிஸ்தோ. "தட்டி வேலை சாயங்காலம்."

பீன்ஸும் சோளமும் இரண்டு தட்டு தின்றால் இதாட்டாவில் யாரும் வாதாடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் மரத்தடிகளில் தொப்பிகள் முகங்களின் மேல் ஏறின. கோழிகள்கூட அடங்கின.

எவாரிஸ்தோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். மூங்கில் தட்டியைச் சத்தமில்லாமல் சுருட்டிச் சுவரில் சாய்த்தார். மூலையில் கிடந்த பிழிபொறியை இழுத்து, கழுவி, குலைகளைக் காம்போடு ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். கல்யாணத் தொட்டிக்கு வேண்டியதை முதலில் முடித்துவிட வேண்டும். மிச்சத்துக்கு ஊரிடம் என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம். ஏதாவது தோன்றும், அவருக்குத் தோன்றாமல் இருந்ததில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. எர்சிலியா. பிழிபொறியைப் பார்த்தாள், சுருட்டிய தட்டியைப் பார்த்தாள், புருஷனின் வெறுங்காலைப் பார்த்தாள். கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினாள். பிறகு கதவுக்கு வெளியே ஒரு முக்காலி இழுபடுகிற சத்தமும், யாரோ அதில் உட்கார்கிற சத்தமும் கேட்டன.

எவாரிஸ்தோ பிழிபொறியின் திருகை அரைச் சுற்று சுற்றி நிறுத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு, பிறகு நூல் போல ஒரு ஒழுக்கு. சிவப்பில்லை, வெங்காயத் தோலின் நிறம். குடத்தின் அடியில் அது விழுகிற சத்தம் கேட்காமலிருக்க ஒரு துணியை மடித்துப் போட்டார். இன்னொரு அரைச் சுற்று. ஒழுக்கு தடித்தது, பிறகு மெலிந்தது. பழங்கள் உள்ளே இன்னும் கொழுத்துத்தான் இருந்தன. ஒரு நல்ல இறுக்கு இறுக்கினால் இன்னொரு குடம் கறுத்துச் சிவந்து வரும். கை திருகின் மேலேயே இருந்தது. தோள் தானாக முன்னே சாய்ந்தது. எவாரிஸ்தோ கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். திருகைத் தளர்த்தி, சாறு நிறைந்த தோல்களை அப்படியே அள்ளி வெளியே போட்டுவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கினார்.